மாப்ளே, அது எந்த ஆட்டு மூளை?

அன்புள்ள மருமகன் செல்வத்துக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி, அது எப்போதும் உள்ளதுதான். பரமக்குடிப் பக்கம் மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கண்மாயில் ஆடு மேய்கிறது. நீ சுகமா, வேலை பழகிவிட்டதா, கீழ்க்கட்டில் கிடைத்ததா, இல்லை இன்னும் மேல்கட்டிலில் ஏசிக்குக் கீழே விறைத்துக்கொண்டு கிடக்கிறாயா?

போனில் பேசலாம் என்றால் நீ நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. "நல்லாருக்கேன் மாமா, சாப்ட்டேன் மாமா, டூட்டி மாமா, வச்சுடவா மாமா." அதற்கு மேல் உன்னிடம் பிடுங்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள். கையெழுத்து புரியாவிட்டால் அவளிடமே கேட்டுக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் குடும்பக் குரூப்பில் ஒரு தட்டு போட்டிருந்தாய். மஞ்சளாக, எண்ணெய் மினுங்க, மேலே இஞ்சி சீவிப் போட்டு, பக்கத்தில் ரெண்டு தந்தூரி ரொட்டி. உன் அம்மாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "முட்டைப் பொரியலை ஏண்டா போட்டோ எடுக்குறான்" என்றாள். உன் தங்கச்சிதான் "அது முட்டை இல்ல அம்மாச்சி, மூளை" என்று உண்மையை உடைத்தாள். உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், மூளை வளரும், சீக்கிரமே ஃபோர்மேன் ஆகிவிடுவான் என்று அன்று ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அது எந்த மூளை?

ஆட்டு மூளையா, செம்மறியா, மாடா, கன்றா? இன்று அறுத்ததா, ஃப்ரீசரில் கிடந்ததா? உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். நீ கேட்டிருக்க மாட்டாய். கடைக்காரர் "மகஸ் மசாலா" என்றிருப்பார், நீ தலையை ஆட்டியிருப்பாய்.

உனக்கு மூளை புதிசு இல்லை. கிடா வெட்டு அன்றைக்கு ராத்திரி உன் அய்யா தலையை நெருப்பில் வாட்டி, முடியைச் சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவி, அரிவாளால் மண்டையை ரெண்டாகப் பிளப்பார். உடையாமல் வருகிற மூளையைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துத் தனியே வைப்பார். அது பெரியவர்களுக்குக் கிடையாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாரோ, அதற்குத்தான். அந்த வரிசையில் நீயும் ஒருத்தன். பத்தாவது பரீட்சை சமயத்தில் உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்கடைக்கு விடிகாலையிலேயே போய், உரித்த ஆட்டைப் பார்த்து, "இந்தத் தலையோட மூளையை எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு வருவாள். அவ்வளவு மூளையும் தின்றுவிட்டு நீ கணக்கில் வாங்கிய மார்க்கை இங்கே எழுத வேண்டாம். உன் ரூம்காரர்கள் யாராவது எட்டிப் பார்த்துவிடப் போகிறார்கள்.

அந்த நம்பிக்கை உன் அம்மாவுக்கு மட்டும் உள்ளது என்று நினைக்காதே. நீ இப்போது இருக்கிற அதே துபாய் சோனாப்பூரில் நான் கேம்ப் மெஸ்ஸில் சமையல்காரனாக இருந்த காலத்தில் அடுப்புக்கு அடுப்பு அதைக் கேட்டிருக்கிறேன். முஹைஸ்னா ரெண்டு என்று பஸ்ஸிலும் பேப்பரிலும் எழுதியிருந்தாலும் நம் வாயில் அது சோனாப்பூர்தானே. அங்கே ஒரு மாடியில் இருக்கிற பொது அடுப்படிக்குள் போனால் பாதி உலகத்தைச் சுற்றி வந்த மாதிரி. பெஷாவர் டிரைவர் ஒருத்தர் பெருநாள் அன்றைக்கு மகஸ் செய்வார். தக்காளி, பச்சை மிளகாய், கடைசியில் கசூரி மேத்தி. சிட்டகாங் பையன்கள் அதையே வெங்காயத்தை நிறையப் போட்டு, கடுகெண்ணெயில் சுருள வதக்கி, "மொகோஜ் பூனா" என்பார்கள். பம்பாயிலிருந்து வந்தவருக்கு அது பேஜா ஃப்ரை. ஹைதராபாத்காரர் எல்லாருக்கும் மேலே தன்னுடையதுதான் என்று சண்டைக்கே வருவார். சாப்பிட்டு முடித்து சுலைமானி குடிக்கும்போது எல்லாரும் ஒரே வார்த்தை சொல்வார்கள்: புத்திக்கு நல்லது. புத்திக்கு நல்லதைத் தின்றுவிட்டு அதே கூட்டம் சீட்டாட்டத்தில் சம்பளத்தைத் தோற்கும்.

கராச்சியில் கட்டாக்கட் என்று ஒன்று உண்டு. பெரிய தோசைக்கல்லில் மூளை, கிட்னி, இதயம் எல்லாவற்றையும் போட்டு ரெண்டு தட்டைக் கத்தியால் கொத்து பரோட்டா மாதிரி தாளம் போட்டுக் கொத்துவார்கள். தேரா, சத்வா பக்கம் பாகிஸ்தானி ஹோட்டல் வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மதுரை டவுன்ஹால் ரோடு ஞாபகம் வந்துவிடும். லெபனான்காரர்கள் காரமே போடாமல் வேகவைத்து, ஆறவிட்டு, எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றி சாலட்டாகச் சாப்பிடுகிறார்கள். ஈரானிகள் தலையையும் காலையும் ராத்திரி முழுக்க வேகவைத்து விடிகாலையில் கூட்டமாக உட்கார்ந்து குடிப்பார்கள், மூளையை அதில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரனுக்குக் கன்றுக்குட்டி மூளை, வெண்ணெயைக் கருகக் காய்ச்சி அதன் மேல் ஊற்ற வேண்டும். சீனாவில் செச்சுவான் பக்கம் கொதிக்கிற மிளகாய்ச் சாற்றில் பன்றி மூளையை முக்கி எடுக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊரில் அதே பன்றி மூளையைச் சட்டியில் நுரைக்கக் காய்ச்சி, எல்லாரும் சோற்றைத் தொட்டுத் தொட்டுத் தின்கிறார்கள் என்று எங்கள் ஸ்டோர்கீப்பர் சொல்வார். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் எவன்ஸ்வில் என்று ஒரு ஊர். அங்கே மாவில் தோய்த்துப் பொரித்த மூளையை ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுப்பது பேர்போன பலகாரம். ரோமாபுரிக்காரர்களின் பழைய சமையல் புத்தகமான அபீசியஸிலேயே மூளை போட்ட பதார்த்தங்கள் உண்டு. ஆக, உன் தட்டில் இருந்தது ரெண்டாயிரம் வருஷத்துப் பண்டம். யாராவது முகம் சுளித்தால் நீ வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் மூளை தின்றால் மூளை வளரும் என்பதை மட்டும் விட்டுவிடு. ஈரல் தின்பவனுக்கு ஈரல் வளர்வதில்லை, கால் சூப் குடித்தவன் எல்லாரும் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பதில்லை. வயிற்றுக்குள் போனதும் எல்லாம் ஒன்றுதான். அதில் நல்லது இல்லாமல் இல்லை. பி12 நிறைய உண்டு. நரம்புக்கு வேண்டிய டிஹெச்ஏ என்கிற கொழுப்பு உண்டு. அதே டிஹெச்ஏ மத்தி மீனிலும் இருக்கிறது, விலையும் மலிவு. தேரா மீன் மார்க்கெட் 2017-ல் வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட்டுக்கு மாறிவிட்டது. லீவு நாளில் விடிகாலையில் போனால் மத்தி பளபளவென்று கிடைக்கும். இதை உன் அம்மாவிடம் சொல்லாதே, அவள் நம்பிக்கை அவளுக்கு இருக்கட்டும்.

இப்போது நான் கவலைப்பட்ட கதைக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேள்.

1986-ல் இங்கிலாந்தில் மாடுகளுக்கு ஒரு புது வியாதி கண்டார்கள். மாடு நடுங்கும், மிரளும், நிற்க முடியாமல் காலை விரித்துச் சறுக்கி விழும். அறுத்துப் பார்த்தால் மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. பைத்தியக்கார மாட்டு நோய் என்று பேப்பரில் போட்டார்களே, அதுதான். காரணத்தைத் தேடிப் போனால் தீவனத்தில் வந்து நின்றது. இறைச்சிக் கூடத்தில் மிஞ்சின எலும்பு, குடல், மூளை எல்லாவற்றையும் காய்ச்சி அரைத்து மாவாக்கி, பால் நிறையக் கறக்க வேண்டும் என்று அதே மாடுகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புல் தின்கிற பிராணிக்கு மாட்டையே தின்னக் கொடுத்திருக்கிறார்கள், மாப்ளே. எத்தனை பண்ணை, எத்தனை கசாப்புக் கடை, எத்தனை கோடி வீடு! இந்த மாடு என்ன தின்று வளர்ந்தது என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

1989-ல் மாட்டு மூளையையும் தண்டுவடத்தையும் மனிதர் உணவில் சேர்க்கக் கூடாது என்று அங்கே தடை போட்டார்கள். அதற்குப் பிறகும் மாட்டுக்கறி பத்திரமானது என்று காட்ட, 1990-ல் விவசாய மந்திரி ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன்னால் நாலு வயது மகளுக்கு பர்கர் நீட்டினார். ஆறு வருஷம் கழித்து, 1996 மார்ச் 20-ஆம் தேதி, சுகாதார மந்திரி நாடாளுமன்றத்தில் எழுந்து, இது மனிதருக்கும் வந்திருக்கிற மாதிரி தெரிகிறது என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த ஒரு நாட்டில் மட்டும் 178 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள், உன் வயசு. நாற்பது லட்சத்துக்கு மேல் மாடுகளைக் கொன்று எரித்தார்கள். 1980-லிருந்து 1996-க்குள் இங்கிலாந்தில் ஆறு மாசம் இருந்தவர் யாரும் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியாவில் ஒரு விதி இருந்தது. அதை எடுத்ததே 2022-ல்தான். எவன்ஸ்வில் கடைக்காரர்களும் மாட்டு மூளையை விட்டுப் பன்றி மூளைக்கு மாறிவிட்டார்கள்.

இதில் என்னைப் போன்ற சமையல்காரனுக்குப் பிடிபடாத சங்கதி ஒன்று இருக்கிறது. இந்த வியாதியைத் தருவது கிருமி இல்லை, பூச்சி இல்லை. ப்ரியான் என்று பேர் வைத்திருக்கிறார்கள், கோணலாக மடிந்துபோன ஒரு புரதம். ஸ்டான்லி புருசினர் என்பவர் 1982-ல் இதைச் சொன்னபோது ரொம்பப் பேர் நம்பவில்லை. 1997-ல் அதற்காகவே நோபல் பரிசு கொடுத்தார்கள். நீ எவ்வளவு கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் எவ்வளவு முறுக முறுகப் பொரித்தாலும் அது சாகாது. நன்றாக வேகவைத்தால் எந்த தோஷமும் போய்விடும் என்பது என் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடம் செல்லாத இடங்களில் இது ஒன்று.

பாப்புவா நியூகினி மலையில் ஃபோரே என்கிற ஜனங்கள் கதை இன்னும் துக்கம். செத்துப்போன சொந்தத்தைப் புதைக்காமல் அன்பினால் தாங்களே உண்பது அவர்கள் வழக்கம். மூளை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் போகும். அவர்களுக்குத்தான் குரு என்கிற நடுக்க வியாதி அதிகம் வந்தது. 1957-ல் வின்சென்ட் சிகாஸ், கார்ல்டன் கஜ்டுசெக் என்ற ரெண்டு டாக்டர்கள் அதை வெளி உலகத்துக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்தோடு அந்த வழக்கமும் நின்றுபோனது. ஆனாலும் சின்ன வயசில் உண்டவர்களில் சிலருக்கு ஐம்பது வருஷம் கழித்துக்கூட கை நடுங்க ஆரம்பித்தது. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பால் விலைக்காக மாட்டுக்கு மாட்டை அரைத்துப் போட்டவனை விட அவர்கள் மேல்.

பயந்துவிடாதே. நம் நாட்டு மாடுகளில் இந்த நோய் கண்டதாகப் பதிவில்லை. ஆட்டுக்கும் ஸ்க்ரேப்பி என்று இதே சாதியில் ஒரு பழைய வியாதி உண்டு, ஆனால் அது இருநூறு வருஷத்துக்கு மேலாக இருந்தும் ஆட்டுக்கறி தின்ற மனிதருக்குத் தொற்றியதாக ருசு இல்லை. அதனால் உன் மாமா சொல்வது: ஆடு என்றால் சாப்பிடு. மாடு என்றால் மூளையை மட்டும் விட்டுவிடு, கறி உன் இஷ்டம். நான் சாமி பேரைச் சொல்லியோ சாதி பேரைச் சொல்லியோ இதைச் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். நான் பத்து தேசத்துக்காரனுக்கும் சமைத்தவன்.

ஆக, கேட்கப் பழகு. ஊரில் உனக்காக உன் அம்மா கேட்டாள். கறிக்கடைக்காரரிடம் "இது யார் வீட்டு ஆடு, எங்க மேய்ஞ்சது, எப்ப அறுத்தீங்க" என்று அவள் கேட்ட கேள்விகளை எல்லாம் தொணதொணப்பு என்று நினைத்து நீ சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு "வாம்மா போலாம்" என்பாய். அங்கே கேட்க யார் இருக்கிறார்கள்? காலையில் பஸ் ஏறும்போதே மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிடுகிறார்கள். அதில் என்ன, எப்போது ஆக்கியது என்று கேட்காமலே வாங்கி வாங்கி, கேட்கிற பழக்கமே போய்விடும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதை விடுவான், அப்புறம் ஓ.டி. கணக்கைக் கேட்பதை விடுவான், அப்புறம் கையெழுத்துப் போடுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதையும் விட்டுவிடுவான்.

"பாய், யே பக்ரா ஹை யா பீஃப்?" ஆடா, மாட்டுக்கறியா என்று கேட்க இவ்வளவுதான் வார்த்தை. எந்த நல்ல ஹோட்டல்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் அங்கே சாப்பிடாதே.

நீயே வாங்கிச் சமைப்பதானால் உனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. உன் கேம்புக்குப் பக்கத்தில்தான் அல் குசைஸ். அங்கே ஆட்டுச் சந்தையும் துபாய் முனிசிபாலிட்டியின் அறுப்புக் கூடமும் இருக்கின்றன. அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை டாக்டர் பார்ப்பார். சோமாலியா ஆடு, சூடான் ஆடு, ஆஸ்திரேலியா செம்மறி, நம் நாட்டு ஆடு எல்லாம் வந்து நிற்கும். யாராவது வண்டியின் டிக்கியிலோ மணல்மேட்டிலோ அறுத்து விலை குறைத்துக் கொடுத்தால் பக்கத்திலேயே போகாதே. தெருவில் அறுப்பது அங்கே குற்றம், வாங்குகிற உனக்கும் வம்பு.

வாங்கினால் கையில் எடுத்துப் பார். நல்ல மூளை வெளிறின ரோஜா நிறத்தில், மேலே சவ்வு பளபளக்க, மடிப்பு மடிப்பாக இறுகி இருக்கும். குழைந்து போயிருந்தாலோ, பச்சை பாய்ந்திருந்தாலோ, வாடை அடித்தாலோ வேண்டாம். உள்ளே தண்ணீர்ப் பை மாதிரி ஒரு கட்டி இருந்தாலும் வேண்டாம். ஊரில் சில ஆடு ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பாய். நாடாப்புழுவின் குஞ்சு மூளைக்குள் பை கட்டி உட்கார்ந்திருப்பதால் வருவது அது. அந்த மூளையை நாய்க்குப் போடவே கூடாது. நாய் தின்றால் அதன் வயிற்றில் புழு வளர்ந்து, அதன் கழிவு புல்லில் பட்டு, மறுபடி ஆட்டுக்கு வரும். எரித்துவிட வேண்டும் அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும்.

நாய் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். உன் அய்யாவை வெறிநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி வரிசையாக ஊசி போட்ட கதையை நூறு தடவை கேட்டிருப்பாய். அந்த மருந்து எதில் செய்தது தெரியுமா? ஆட்டு மூளையில். டேவிட் செம்பிள் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1911-ல் கசௌலியில் கண்டுபிடித்த முறை. செம்மறி ஆட்டு மூளையில் வெறிநாய்க்கடி வைரஸை வளர்த்து, அதைச் செயலிழக்க வைத்து, அரைத்த மூளையோடு ஊசியாகப் போடுவது. நம் குன்னூரில் 1907-ல் தொடங்கின பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வருஷக்கணக்காக அதைத் தயாரித்தார்கள். அது லட்சக்கணக்கான பேரைக் காப்பாற்றியது. சிலருக்கு மட்டும் அந்த மூளைச் சரக்கே ஒத்துக்கொள்ளாமல் கைகால் விழுந்துபோனதும் உண்டு. 2004 முடியும்போதுதான் இந்தியாவில் அதை நிறுத்தினார்கள். உன் அய்யா ஆட்டு மூளையை வாயாலும் தின்றார், வயிற்றிலும் ஏற்றிக்கொண்டார். கணக்கில் அவர் கெட்டிக்காரர்தான், அதற்கு இதுவா காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்? நூறு கிராம் பச்சை ஆட்டு மூளையில் 1,350 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால். ஒரு முட்டையில் 200-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நூறு கிராம் மூளையை நீ ஒருத்தனே வழித்துத் தின்றால் ஏழு முட்டையை ஒரே வேளையில் தின்ற கணக்கு. சாப்பாட்டில் இருக்கிற கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்தில் ஏறுவதில்லை, ஈரலே பெரும்பங்கு செய்துகொள்கிறது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹோட்டல் மூளை தனியாக வருவதில்லையே. மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் ரொட்டி, அப்புறம் ஒரு பெப்சி, அப்புறம் சிகரெட். நீ சிகரெட் பிடிப்பதில்லை என்று உன் அம்மா நம்புகிறாள். நானும் நம்புகிறேன் என்று வைத்துக்கொள்.

நம் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் என்பவர் தலைமையில் 52 நாட்டில் மாரடைப்பு வந்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. இண்டர்ஹார்ட் என்று பேர். மற்ற நாட்டுக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயசு 59-ஐ ஒட்டி இருக்க, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளக்காரர்களுக்கு அது 53. ஆறு வருஷம் முந்திக்கொள்கிறது. சோனாப்பூரில் அந்த அஞ்சு நாட்டுக்காரர்களும் ஒரே மாடியில் தூங்குகிறீர்கள். வெளிநாட்டில் செத்துப்போனவர் உடம்பை ஊருக்கு அனுப்பும் முன் எம்பாம் பண்ணுகிற இடமும் அந்த முஹைஸ்னாவில்தான் இருக்கிறது. கூட வேலை பார்த்தவர்களின் பெட்டிக்காக அங்கே வாசலில் நின்றிருக்கிறேன். நேற்று ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டுத் தூங்கினான் என்பதுதான் அங்கே திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனசு இல்லை.

அதனால் மாசத்துக்கு ஒரு தடவை போதும். ஒரு மூளையை மூன்று பேர் பங்கு போடுங்கள். செய்முறை சொல்கிறேன், கவனமாகப் படி, வெங்காயம் நறுக்கவே உனக்குத் தெரியாது.

மூளையை வாங்கியதும் நேராக ரூமுக்கு வா. வழியில் நண்பனைப் பார்த்தேன், டீ குடித்தேன் என்கிற கதை வேண்டாம். பச்சைக் கறியை வெளியில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். உங்கள் ஊரில் ஜூலையில் பல நாள் நடுராத்திரியில்கூட 32 டிகிரிக்குக் கீழே இறங்காது. வந்ததும் ஒரு சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கல் உப்புப் போட்டு, மூளையை அரை மணி நேரம் ஊற வை. ரத்தம் எல்லாம் இறங்கும். அப்புறம் உள்ளங்கையில் வைத்து, மேலே உள்ள சவ்வை நகத்தால் மெதுவாகத் தூக்கி உரி. சவ்வோடு சிவப்பு நரம்பும் சேர்ந்து வந்துவிடும். இதில் அவசரப்பட்டால் மூளை கூழாகிவிடும். அடுத்து மஞ்சள்தூளும் உப்பும் போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, மூளையை அதில் இறக்கிப் பத்து நிமிஷம். இறுகி, கத்தி வைத்தால் துண்டு துண்டாக நிற்கும். பச்சையாகவே மசாலாவில் போட்டால் கரைந்துபோய் உன் அம்மாச்சி சொன்ன முட்டைப் பொரியல்தான் கிடைக்கும்.

வாணலியில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி, சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயத்தைப் பொடிசாக நறுக்கு. இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு பச்சை வாசம் போக வதக்கி, துண்டுகளைப் பரத்து. கரண்டியால் கிண்டாதே, சட்டியைக் குலுக்கு. கடைசியில் இடித்த மிளகு, கை தாராளமாக. அஞ்சு நிமிஷம் மூடி வைத்து இறக்கு. மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்காதே. ஆறு பேர் திறந்து திறந்து மூடுகிற கேம்ப் ஃப்ரிட்ஜை நம்பி மூளையை வைப்பதும், சும்மா வெளியே வைப்பதும் எனக்கு ஒன்றுதான். மிஞ்சாமல் இருக்கத்தான் மூன்று பேர் பங்கு.

அந்த மூன்று பேரில் ஒருத்தர் நம் ஊர்க்காரராக இல்லாமல் பார்த்துக்கொள். தமிழ் ரூம், தமிழ் மெஸ், தமிழ் டீக்கடை என்றே இருந்தால் ரெண்டு வருஷம் கழித்தும் உனக்கு இந்தி வராது. பெஷாவர்க்காரரோடு ஒரே தட்டில் கை வைத்தவனுக்கு அவர் பாஷையும் வரும், அவர் மூலமாக டிரைவிங் லைசென்ஸுக்கு வழியும் தெரியும். எனக்கு அப்படித்தான் வந்தது. அவர் செய்த மகஸ் என்னுடையதை விட ருசி என்று அவரிடம் கடைசி வரை நான் சொல்லவே இல்லை, திமிர்.

இன்னும் ரெண்டொரு சின்ன விஷயம். ராத்திரி கொழுப்பு தின்றுவிட்டு அப்படியே கட்டிலில் சாயாதே, காம்பவுண்டைச் சுற்றி ரெண்டு நடை நட. ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். அந்த நேரத்தில் போனை நோண்டாமல் படுத்துத் தூங்கு. கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு பர்ஸில் சும்மா கிடக்கும். உனக்கு இப்போது 24 வயசுதான், இருந்தாலும் கிளினிக்குக்குப் போகிற சமயத்தில் ரத்தத்தில் கொழுப்பு பார்க்க முடியுமா என்று கேட்டு வை. உன் அய்யாவுக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது, உனக்கு மட்டும் விட்டுவிடுமா?

உன் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. அவள் மூளை வறுக்கிற முறை என்னுடையதை விட நல்லது. அரைத்த தேங்காய் ஏதோ சேர்ப்பாள், என்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ கேட்டால் சொல்வாள். கேட்டு எழுதி எனக்கும் அனுப்பு. நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா